சல்லடைப் பாறையில் ஒற்றைக் கயிறு

நாலாவது நாளும் எல்லப்பனின் உடம்பு மிதக்கவில்லை.

ஆறு ஏழு பாறை இடுக்குகளில் விழுந்து ஓடும் ஏழுவாய்ப் பள்ளத்துக்குள் போனது செத்த மாடோ, முறிந்த மரமோ, மனுஷனோ, எதுவானாலும் கடைசியில் பள்ளம் முடிகிற ஒதுக்குமடுவில்தான் வந்து சேரும். அந்தப் பக்கத்துப் பரிசல்காரர்களுக்கு இது அத்துப்படி. காவிரியில் போனவன் மூன்றாம் நாள் மேலே வருவான், மடுவில் சுற்றிக்கொண்டு கிடப்பான், போய்த் தூக்கிக் கரையேற்ற வேண்டியதுதான். எத்தனையோ ஊர்க்காரர்களின் பிள்ளைகளை அப்படி எடுத்துக் கொடுத்தவர்கள் இவர்கள். அன்றைக்கு அவர்களே கரையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மீன் பிடிக்கப் போன எல்லப்பனின் பரிசல் மட்டும் முதல் நாளே கவிழ்ந்து வந்துவிட்டது, ஆள் வரவில்லை.

பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், பெரியவர்கள் வைக்கோலில் பொம்மை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். உடம்பு கிடைக்காதவனுக்குப் பொம்மையைத்தானே எரிக்க முடியும்? அந்தப் பொம்மைக்கு எல்லப்பனின் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், காட்டுப் பாதையில் ஒரு பிக்கப் வண்டி குலுங்கிக் குலுங்கி வந்து நின்றது. பின்னால் ராஃப்ட் என்கிற ரப்பர் படகு சுருட்டிக் கிடந்தது, அதன் மேல் ஓர் ஆள் மட்டும் உட்காரும் ஒல்லிப் படகான மஞ்சள் கயாக். ஓட்டி வந்தவள் சுகந்தி, எல்லப்பனின் பெண்டாட்டி.

சுகந்திக்கு இருபத்தெட்டு வயது. இதே ஊர்ப் பரிசல்காரர் வீட்டுப் பெண். தாண்டேலியில் சுற்றுலாக்காரர்களை ராஃப்டில் ஏற்றி வெள்ளத்தில் இறக்குகிறார்களே, அங்கே அவளுக்கு வேலை. யாராவது தண்ணீரில் விழுந்தால் கயாக்கில் பாய்ந்து போய்த் தூக்க வேண்டும். சேதி கிடைத்ததும் முதலாளியிடம் ஒரு பழைய ராஃப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வண்டி ஓட்டி வந்திருந்தாள்.

பொம்மையைப் பார்த்ததும் அவளுக்கு வந்ததே கோபம்!

"யாரக் கேட்டுக் கட்டினீங்க இத?"

"ஏம்மா, நாலு நாளாச்சு..." என்று ஒருவர் இழுத்தார்.

"அதத்தான் நானும் சொல்றேன். நாலு நாளாச்சு, உடம்பு வரல. செத்திருந்தா நேத்தே இங்க வந்திருக்கணும். வந்துதா? வரலன்னா ஆளு உள்ள உசுரோட இருக்காருன்னுதானே அர்த்தம்? நீங்க சொல்லிக் குடுத்த கணக்குதானே இது?"

"கால் கை எங்கியாச்சும் பாறைச் சந்துல மாட்டியிருந்தா மேல வராதும்மா."

"மாட்டியிருந்தா நானே எடுத்துட்டு வரேன். மொதல்ல அந்தச் சட்டையக் கழட்டுங்க."

சட்டை கழன்றது. ஆனால் கூட வருகிறேன் என்று ஒருவர் வாயும் திறக்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, பயப்படுவதற்குக் காரணம் இருந்தது. அணையைத் திறந்துவிட்டார்கள். இப்போது ஓடுவது எட்டாயிரம் கனஅடி, மத்தியானம் மூன்று மணிக்குள் முப்பதாயிரம் வந்து இறங்கும் என்று தகவல். அதற்கப்புறம் பள்ளத்துக்குள் எவன் உயிரோடு இருந்தாலும் இருக்க மாட்டான். மணி அப்போதே ஒன்பது.

"நான் வரேன்" என்று கை தூக்கினான் தீர்த்தகிரி. முப்பது வயதுப் பரிசல்காரன், வாய் ஓயாதவன், எல்லப்பனுக்குக் கூட்டாளி. "எனக்கு அவன் ஒரு வலை தரணும். அதை வாங்காம விட முடியாது."

இன்னும் ஒருவராவது வேண்டும். சுகந்தியின் கண், தள்ளி ஒரு பாறையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆளிடம் போனது. மாதையன், அவள் கூடப்பிறந்த அண்ணன். நாற்பத்திரண்டு வயது, அந்தத் துறையிலேயே கை தேர்ந்த பரிசல்காரன். தங்கை ஓர் அக்கரைக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று நாலு வருஷமாக அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சவாரிக்கு அடித்துக்கொள்கிற இரண்டு கரைக்காரர்களுக்கும் எப்போதுமே ஆகாது. அதிலும் மாதையனுக்கு எல்லப்பன் பெயரைக் கேட்டாலே ஆகாது.

மாதையன் எழுந்தான். பக்கத்தில் நின்ற பெண்டாட்டி ருக்மணியிடம் ஏதோ வாங்கி மடியில் வைத்துக் கட்டிக்கொண்டான். நேராக வண்டிக்கு வந்து ராஃப்டைத் தட்டிப் பார்த்தான்.

"பாப்பா, இதுக்கு ஒரு ஆளுக்கு எத்தன துடுப்பு?"

நாலு வருஷத்துக்கு அப்புறம் அண்ணன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. சுகந்தி ஒரு துடுப்பை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "ஒண்ணுதாண்ணா" என்றாள்.

பள்ளத்தின் தலைமாட்டில் இருக்கும் மேல்துறைக்கு வண்டியில் போய் இறங்கினார்கள். ராஃப்டுக்குக் காற்றடிக்கும்போதே சுகந்தி பாடம் நடத்தினாள். ஹெல்மெட்டை எப்படி மாட்டுவது, லைஃப் ஜாக்கெட்டை எப்படி இறுக்குவது, பாறையில் மோதினால் பாறைப் பக்கமாகவே தாவ வேண்டும், இப்படி. கடைசியில் குரலை உயர்த்தினாள்.

"இது ஒண்ண மட்டும் கேட்டுக்குங்க. தண்ணில விழுந்தா எந்திரிச்சு நிக்கவே கூடாது! மல்லாந்து படுத்து, காலு ரெண்டையும் முன்னாடி மேல தூக்கிக்குங்க. முழங்காலளவு தண்ணியா இருந்தாலும் கால் ஊனாதீங்க. ஓடற தண்ணில கால் சந்துல மாட்டுச்சுன்னா ஆத்து வேகம் ஆள அப்படியே மடக்கிப் போட்டுரும்."

மாதையன் சிரித்துவிட்டான். "பரிசல் தட்டுச்சுன்னா எறங்கி நிக்கறவன்தான் பரிசக்காரன். படுத்துக்கறவன் எதுக்கு ஆத்துக்கு வரான்? நான் முப்பது வருஷமா நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவன் சொன்னதிலும் பொய்யில்லை. பரிசல் லேசானது. பாறை தட்டினால் ஓட்டுகிறவன் குதித்து, இடுப்பளவுத் தண்ணீரில் காலை ஊன்றி, விளிம்பைத் தோளில் தாங்கிச் சவாரிக்காரர்களை அந்தப் பக்கம் தள்ளிவிடுவான். அதுதான் தொழில், அதுதான் பெருமையும். பழகின துறையில் ஒவ்வொரு பாறையையும் கால் அறியும். ஆனால் ஏழுவாய்ப் பள்ளத்தை யார் கால் அறிந்திருக்கிறது?

"சிரிக்காதண்ணா. சத்தியம் பண்ணு."

"சரி பாப்பா, படுத்துக்கறேன், போதுமா?" என்றான் மாதையன்.

பத்தரைக்கு இறங்கினார்கள். முன்னால் கயாக்கில் சுகந்தி, பின்னால் ராஃப்டில் மாதையனும் தீர்த்தகிரியும். இரண்டு பக்கமும் பனையுயரத்துக்குப் பாறைச் சுவர் எழும்பியது. நடுவில் ஆறு சுருங்கிச் சுருங்கி, சுருங்கின கோபத்தையெல்லாம் சத்தத்தில் காட்டியது. முதல் இரண்டு வாயையும் முதுகெலும்பு நொறுங்கக் கடந்தார்கள். தீர்த்தகிரி வாய்விட்டுச் சாமிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டான்.

மூன்றாவது வாய்க்கு ஆட்டுக்கல் என்று பெயர். அங்கே ஆறு ஒரு பாறைக் கிண்ணத்துக்குள் விழுந்து சுழல்கிறது. சுகந்தி விளிம்பை ஒட்டிப் பாய்ந்து தாண்டிவிட்டாள். திரும்பிப் பார்த்தால் ராஃப்ட் சுழிக்குள்! சட்டென்று ஓர் ஓரத்தில் ஒதுங்கி, கயாக்கிலிருந்த மீட்புக் கயிற்றை வீசினாள். தீர்த்தகிரி எட்டிப் பிடித்தான்.

"இழு தீர்த்தா! நானும் இழுக்கறேன்!"

"விடுங்கடா கயித்த!" மாதையன் குரல் இடியாக வந்தது. "இழுத்தா கவுந்துரும். சுத்த விடு! அதுவே வெளிய துப்பும்!"

தீர்த்தகிரி கையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தது. மாதையன் கத்தியை எடுத்து ஒரே வெட்டில் அறுத்தான். ராஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றியது, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் வெளி விளிம்புக்கு வந்த நொடியில் மாதையன் துடுப்பை முழங்கை வரை ஆழ்த்தி ஓர் இழுப்பு இழுத்தான் பாருங்கள், பாக்கு உமிழ்ந்த மாதிரி ராஃப்ட் வெளியே வந்து விழுந்தது! எந்தப் பயிற்சி வகுப்பிலும் சுகந்திக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. கயிறு மட்டும் சுழியோடு போய்விட்டது. இனி அவர்களிடம் மிச்சம், ராஃப்டை முளையடித்துக் கட்டுகிற முன்கயிறு ஒன்றுதான்.

"பரவால்ல, உசுரு போகல" என்றான் தீர்த்தகிரி. அவன் முகம் வெளுத்துக் கிடந்தது.

ஐந்தாவது வாயைத் தாண்டியதும் வலப்பக்கச் சுவரில் ஒரு செடி நுனியில் வெள்ளையாக ஏதோ ஆடியது. தேங்காய்ப்பூ துண்டு! எல்லப்பன் தோளில் எப்போதும் கிடப்பது அது, சுகந்தி கயாக்கை அங்கே திருப்பினாள். துண்டுக்குக் கீழே, திண்டு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த பாறையில் ஓர் ஆள் சுருண்டு கிடந்தான்.

"ஏங்க! ஏங்க!"

ஆள் தலையைத் தூக்கினான். எல்லப்பனேதான். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து வீங்கி, மூங்கில் சிம்பு வைத்துக் கைலியைக் கிழித்துக் கட்டியிருந்தான். அவளைப் பார்த்துக் கொஞ்ச நேரம் கண்ணைக் கொட்டினான்.

"வந்துட்டியா? தின்ன எதாச்சும் கொண்டாந்தியா? நாலு நாளா பச்சை மீனு, வாயெல்லாம் நாறுது."

சுகந்தி அழுதாள், சிரித்தாள், தோளில் இரண்டு அடியும் வைத்தாள். கிளம்பின அவசரத்தில் சோற்றை அவள் நினைக்கவே இல்லை. அப்போது மாதையன் மடியை அவிழ்த்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றின ஒரு கேழ்வரகுக் களி உருண்டையை எடுத்து நீட்டினான். காலையில் ருக்மணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது இதுதான். உடம்பைத் தேடிப் போகிறவன் களி எடுத்துக்கொண்டு போவானா? ஊரே செத்துவிட்டான் என்று சொன்னவனை, மாதையன் மட்டும் உயிரோடு இருப்பான் என்று நினைத்திருக்கிறான்.

நினைத்தால் என்ன, முகத்தைப் பார்த்துப் பேசிவிடுவானா? சுவரைப் பார்த்துக்கொண்டே, "மெதுவா தின்னச் சொல்லு பாப்பா. காஞ்ச வயிறு, பொரட்டிக்கும்" என்றான்.

எல்லப்பனும் விட்டுக்கொடுக்கவில்லை. "களி பதமா இருக்குதுன்னு சொல்லு" என்றான் சுகந்தியிடம்.

"ரெண்டு பேருக்கும் நடுவுல தூது போறதுக்குத் தனியாக் கூலி கேளு, சுகந்தி" என்று தீர்த்தகிரி சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஆற்றில் காய்ந்த சருகும் நுரையும் மொத்தமாக வந்துகொண்டிருந்தன. பச்சையாக ஓடின தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தது. மணி ஒன்றரைகூட ஆகவில்லை. மூன்று மணி என்று மனுஷர்கள் சொன்னால் ஆறு கேட்குமா?

"தண்ணி வந்துருச்சு! ஏறுங்க, ஏறுங்க!"

எல்லப்பனை ராஃப்டுக்குள் தரையோடு நீட்டிப் படுக்க வைத்துக் கிளம்பினார்கள். இன்னும் இரண்டே வாய். ஆறாவது சல்லடை, ஆறு அகன்று நூறு பாறைகளுக்கு நடுவே சிதறி ஓடுகிற இடம், ஆழமில்லை. ஏழாவது தொண்டை. ஆறு முழுவதும் ஒரு வண்டி அகலத்துக்குள் நுழைந்து விழும். அதைத் தாண்டினால் ஒதுக்குமடுதான், ஊர் முழுக்கக் காத்திருக்கிறது.

சல்லடையில் சுகந்தி நெளிந்து நெளிந்து வழி கண்டுபிடித்துப் போனாள். ராஃப்டுக்கு இப்போது பாரம் அதிகம். பாதித் தூரத்தில் அது ஒரு பாறையில் குறுக்காகப் போய் ஒட்டிக்கொண்டது. மேல்பக்கத்து விளிம்பு தண்ணீருக்குள் அமுங்க, ஆறு உள்ளே புகுந்தது. எல்லப்பன் காலை இழுத்துக்கொள்ள முடியாமல் தண்ணீர்ப் பக்கமாகச் சரிந்தான். "பாறைப் பக்கம் தாவுங்க!" என்று கீழேயிருந்து சுகந்தி கத்தினாள். தீர்த்தகிரி தாவினான். மாதையன் குதித்தான்.

யோசித்துக் குதிக்கவில்லை. முப்பது வருஷமாகக் குதிக்கிற கால், இப்போதும் குதித்துவிட்டது. தொடையளவுத் தண்ணீரில் ஊன்றி நின்று, ராஃப்டுக்கு அடியில் தோளைக் கொடுத்து, "ஹூம்!" என்று ஒரு நெம்பு நெம்பினான். ஒட்டியிருந்த ராஃப்ட் பெயர்ந்தது! சுற்றிக்கொண்டு இடக்கரையோரம் ஒதுங்கிய தேங்கலுக்குள் போய் நின்றது. தீர்த்தகிரி பாய்ந்திறங்கி முன்கயிற்றை ஒரு மரவேரில் கட்டிவிட்டான்.

"அண்ணா, படு! படுத்துக்கோ!"

மாதையன் ஓர் அடி எடுத்து வைத்தான். இடது கால் கணுக்கால் வரைக்கும் சந்துக்குள் இறங்கியது. இழுத்தான், வரவில்லை. அடுத்த நொடி ஆறு அவன் முதுகில் ஏறி முன்னால் மடக்கித் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கியது.

சுகந்தி கயாக்கைத் திருப்பி எதிரோட்டத்தில் ஏறிவந்தாள். இது அவள் வேலை. கரைக்கும் நடுப்பாறைக்கும் இடையே ஒரு கயிற்றை இறுக்கிக் கட்டி, அதை அவன் நெஞ்சுக்குக் கொடுத்தால் தலை மேலே வரும், மூச்சு விடலாம். அப்புறம் இன்னொரு கயிற்றைக் கணுக்காலுக்குப் போட்டு, மேல்பக்கமாக இழுத்தால் கால் வரும். இரண்டு கயிறு வேண்டும். இருப்பது ஒன்று. அதுவும் எல்லப்பன் படுத்திருந்த ராஃப்டைக் கட்டி நிறுத்தியிருந்தது.

தீர்த்தகிரி கட்டின வேரைப் பார்த்தான், எல்லப்பனைப் பார்த்தான். அவனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எல்லப்பனோ அதற்குள் எக்கி, முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"கொண்டுபோடா! பாத்துக்கிட்டு நிக்கற?"

"நீ?"

"காலுதான் ஒடஞ்சிருக்குது, கை நல்லாத்தான் இருக்குது. வேரப் புடிச்சுக்கறேன். ஓடு!"

தீர்த்தகிரி ஒரு முனையைக் கரைப்பாறையில் சுற்றினான். சுகந்தி மறு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு துடுப்புப் போட்டு, நடுப்பாறையில் ஏறி இழுத்துக் கட்டினாள். கயிறு மாதையனின் நெஞ்சில் விழுந்தது. அவன் இரண்டு கைகளையும் அதன் மேல் போட்டு எக்கினான். தலை மேலே வந்தது. இருமினான், ஊளையிடுவது மாதிரி மூச்சை இழுத்தான்.

"வந்துட்டேண்ணா, வந்துட்டேன்!"

கயிற்றைப் பிடித்துக்கொண்டே அவனிடம் போய்ச் சேர்ந்தாள். மூழ்கிக் காலைத் தடவினாள். கணுக்கால் இரண்டு பாறைகளுக்கு நடுவில் அடித்து வைத்த ஆப்பு மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் இழுத்தாள், நகம் பெயர்ந்தது. மேலே வந்து மூச்செடுத்து மறுபடி மூழ்கினாள். நாலு தடவை. ஒவ்வொரு தடவை மேலே வரும்போதும் தண்ணீர் ஏறியிருந்தது. இடுப்பில் இருந்தது வயிற்றில், வயிற்றில் இருந்தது நெஞ்சில்.

"சுகந்தீ!" கரையிலிருந்து தீர்த்தகிரி அலறினான்.

திரும்பினாள். ஏறின தண்ணீர் கரையோரத் தேங்கலை உடைத்துவிட்டது. ராஃப்ட் வெளியே இழுபட, வேரைப் பிடித்திருந்த எல்லப்பனின் உடம்பு முழு நீளத்துக்கும் நீண்டது. தீர்த்தகிரி போய்ச் சேர்வதற்குள் வேர் பிய்ந்தது. எல்லப்பன் அவளைத்தான் பார்த்தான்.

"அண்ணன விடாத, சுகந்தி!" என்று கத்தினான். அவ்வளவுதான். ராஃப்ட் அவனோடு தொண்டையை நோக்கிப் போய்விட்டது.

கயாக் நடுப்பாறையில் கிடந்தது. ஏறினால் எட்டிப் பிடிக்கலாம். நாலு நாளாக எவனுக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாளோ, அவன் காலொடிந்து தனியாகப் போகிறான்.

"போ பாப்பா" என்றான் மாதையன். "மாப்ள போறாரு பாரு. போய்ப் புடி."

மாப்ள! நாலு வருஷமாக அக்கரைக்காரன், அந்த ஆள், அவன் என்றெல்லாம் சொன்ன வாய்.

"போ மாட்டேன்."

"கிறுக்கி, போடீ! இது வராது, எனக்குத் தெரியும்."

"நான் போ மாட்டேண்ணா. பேசாம மூச்ச விடு."

அவன் முகவாயை உள்ளங்கையில் தாங்கித் தூக்கிப் பிடித்தாள். தண்ணீர் அவன் தோளுக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. கரையில் தீர்த்தகிரி கயிற்றைத் தன் உடம்பில் சுற்றி மேல்பக்கமாக இழுத்து இழுத்துப் பார்த்தான். பாறை கொடுக்கவில்லை.

மாதையன் அவளைப் பார்த்து ஒரு மாதிரியாகச் சிரித்தான். "நீ சொன்னே பாப்பா. எனக்குக் கேட்டுச்சு. காலுக்குத்தான் கேக்கல."

அப்புறம் தண்ணீர் வாய்க்கு வந்தது. மூக்கையும் தாண்டியதும் சுகந்தி மூச்சை நிறைத்துக்கொண்டு மூழ்கி அவன் வாயில் ஊதினாள். இரண்டு தடவை, ஐந்து தடவை, ஒன்பது தடவை. அவன் கை அவள் தோளைப் பிடித்திருந்தது. பத்தாவது தடவை போனபோது பிடி தளர்ந்திருந்தது. அவள் அதற்கப்புறமும் ஊதினாள்.

தீர்த்தகிரி கயிற்றைப் பிடித்துக்கொண்டே நீந்தி வந்து, அவளைத் தலைமுடியைப் பற்றி மேலே இழுத்தான். "வுட்ரு சுகந்தி. போயிட்டாரு. நீயாச்சும் இரு." அவன் அழுதுகொண்டே அவளை நடுப்பாறையில் தூக்கிப் போட்டான். பிறகு கரைக்கு மீண்டு, சுவரில் தொங்கிய வேர்களைப் பிடித்துக் காட்டுப் பக்கம் ஏறினான். கயாக்கில் ஓர் ஆளுக்குத்தான் இடம்.

சுகந்தி கயாக்கில் உட்கார்ந்தாள். தொண்டையில் எப்படி இறங்கினாள் என்று பிற்பாடு கேட்டவர்களுக்கு அவளால் சொல்ல முடியவில்லை. இரண்டு தடவை கவிழ்ந்தாள், இரண்டு தடவையும் இடுப்பை வெட்டி நிமிர்ந்தாள். கண்ணைத் துடைத்தபோது எதிரே ஒதுக்குமடு. கரையெல்லாம் ஜனம், ஒரே ஆரவாரம்! விசில், குலவை, துண்டை வீசி ஆட்டம். ராஃப்ட் கரையில் கிடந்தது, எல்லப்பனை நாலு பேர் தோளில் தூக்கியிருந்தார்கள். தண்ணீர் நிறைந்த ராஃப்டுக்குள் தரையோடு ஒட்டிப் படுத்துக் கிடந்ததால் கவிழாமல் தொண்டையைத் தாண்டி வந்திருக்கிறான். செத்தவன் திரும்பி வந்துவிட்டான் என்று ஊர் கூத்தாடியது. எல்லப்பன் மட்டும் "எறக்குங்கடா, எறக்குங்கடா" என்று கத்திக்கொண்டிருந்தான், அது யார் காதிலும் ஏறவில்லை.

ருக்மணி முழங்காலளவுத் தண்ணீரில் இறங்கி வந்து கயாக்கைப் பிடித்தாள். முகமெல்லாம் பல்.

"நல்லா கொண்டாந்தடி உம் புருசன! உங்கண்ணன் எங்க? தீர்த்தன்கூட நடந்து வராரா?"

சுகந்தி அவள் கையைப் பற்றிக்கொண்டாள். "அண்ணி" என்றாள். ருக்மணி அவளுக்குப் பின்னால் ஆற்றைப் பார்த்தாள். கரையில் ஆரவாரம் ஒவ்வொரு வாயாக அடங்கியது.

மாதையன் மூன்றாம் நாள் மிதக்கவில்லை. பொம்மை கட்டலாமா என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை. எட்டாம் நாள் தண்ணீர் ஐயாயிரத்துக்கு வடிந்த பிறகு தீர்த்தகிரியும் சுகந்தியும் இன்னும் ஆறு பேரும் ஐந்து கயிறுகளோடு போய் எடுத்து வந்தார்கள். அந்த எட்டு நாளும் எல்லப்பன் காலில் மாவுக்கட்டோடு ஒதுக்குமடுக் கரையை விட்டு நகரவில்லை. பாடை தூக்கும்போது ஒதுங்கி நின்றவனை ருக்மணிதான் கூப்பிட்டாள். "மாப்ள முறைக்கு வேற யாரு இருக்காங்க? கோல ஊனிக்கிட்டே வந்து கை வையுங்க." எல்லப்பன் கோலைப் போட்டுவிட்டு, ஒற்றைக் காலில் தத்தித் தத்திச் சுடுகாடு வரைக்கும் பாடையைத் தொட்டுக்கொண்டே போனான்.

அடுத்த பருவத்தில் துறை திறப்பதற்கு முந்தின நாள் சுகந்தி பரிசல்காரர்களை எல்லாம் மேல்துறைக்கு வரச் சொன்னாள். தாண்டேலி வேலையை விட்டுவிட்டு அவள் ஊரோடு வந்துவிட்டிருந்தாள். இரு கரைக்காரர்களும் சேர்ந்து எழுபத்திரண்டு பேர் வந்தார்கள். ஓடுகிற தண்ணீரில் மல்லாந்து படுக்கப் பழக வேண்டும், படுத்துக் காட்டினால்தான் பரிசலைத் தொடலாம் என்றாள். ஒருத்தரும் அசையவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். "பொம்பளைங்க பாக்க நாங்க தண்ணில காலத் தூக்கிப் படுக்கறதா? நாப்பது வருஷமா நிக்கறோம்மா" என்றார் ஒரு பெரியவர். சுகந்திக்கு அழுகை முட்டியது. இனி எதைச் சொல்லி இவர்களைப் படுக்க வைப்பது?

வந்தவர்களுக்கு மீன் வறுத்துக்கொண்டிருந்த அடுப்பை விட்டு ருக்மணி எழுந்து வந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, நேராக ஆற்றில் இறங்கினாள். அத்தனை ஆம்பிளைகளுக்கும் முன்னால் மல்லாந்து படுத்தாள். இரண்டு பாதங்களையும் மேலே தூக்கிக்கொண்டாள். ஆறு அவளைப் பாறைகளுக்கு நடுவே மெதுவாகத் தள்ளிக்கொண்டு போய்க் கீழே மணலில் விட்டது.

அவள் எழுந்து சேலையைப் பிழிந்துகொண்டே திரும்பி வந்து சேர்வதற்குள், நாற்பது வருஷம் நின்ற அந்தப் பெரியவர் தண்ணீரில் படுத்திருந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தார்கள்.